கண்டம் என்று எழுதிய பெட்டி

என் வீட்டுக்காரர் நசீர் மௌத்தாகி ஒன்பது மாதம் ஆகிறது. தங்கமான மனுஷன், அவர் கை வைத்தால் செத்துப்போன இன்ஜினும் எழுந்து உட்காரும், அப்படி இப்படி என்று இந்த ஒன்பது மாதமாக ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஆட்டினேன்.

அன்றைக்குத்தான் 'மாத்து'. பழைய கார் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ராயபுரத்தில் கூடுவதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஹார்பருக்குப் போகிற சாலையில் ஒரு காலி எண்ணெய்க் குடோன் இருக்கிறது. அதன் முன்னால் இருக்கும் வெட்டவெளியில் அறுபது வருஷத்துக் கார், எண்பது வருஷத்துக் கார் என்று வரிசையாக நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் தார்ப்பாயை விரித்து உதிரி சாமான்களைப் பரப்பியிருப்பார்கள். கார் வைத்திருப்பவர்கள் அடையாறு, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். சாமான் வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். அங்கே காசு பேசக் கூடாது, சாமானுக்குச் சாமான்தான். பேச்சு முடிந்ததும் இரண்டு பேரும் குடோன் வாசலுக்குப் போய், கம்பத்தில் கட்டியிருக்கும் ரப்பர் பந்து ஹாரனைச் சேர்ந்து அமுக்க வேண்டும். பாம் என்று ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம் அழுதாலும் புரண்டாலும் மாற்றின சாமான் திரும்பி வராது.

நசீர் இருபத்தாறு வருஷம் மாத்துக்குப் போனார். என்னை ஒரு தடவைகூட அழைத்துப் போனதில்லை. மாத்து என்ன, திருவொற்றியூரில் அவர் பழைய கார்களை ரிப்பேர் பார்த்த ஷெட்டுக்குள்ளேகூட என்னை விட்டதில்லை. "பொம்பளைக்கு அங்க இன்னா வேல? கிரீஸு பட்டுடும்" என்பார். கிரீஸ் பட்ட சட்டையைத் துவைப்பது மட்டும் பொம்பளை வேலை.

ஒரு வார்த்தையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ஹார்பரிலும் ரயில்வே யார்டிலும் தேறாத சாமானை ஒதுக்கும்போது இங்கிலீஷில் 'கண்டெம்ன்' என்பார்கள். எங்கள் ஆட்கள் வாயில் அது கண்டம் ஆகிவிட்டது. வண்டி கண்டம், மோட்டார் கண்டம், மழையில் நனைந்த சிமென்ட் மூட்டையும் கண்டம். நசீர் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். வீட்டுக்குத் தோஸ்துகள் வந்தால், "இருங்கப்பா, எங்க வூட்டு கண்டம் டீ போட்டுகினு கீது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். டீத் தட்டோடு வந்து நிற்கும் நானும் சிரிப்பேன். முகத்தை மூடிக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையிலும் தட்டு இருக்கும்.

சரி, எனக்கு அன்றைக்கு வேண்டியது ஒரு வண்டி.

நசீர் படுக்கையில் விழுந்ததிலிருந்தே நான் வீட்டில் சமைத்துச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆஃபியா, என் மகள், காட்டுப்பள்ளி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டு மேனேஜரிடம் போய்ப் பேசி, தினம் எண்பது மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆர்டர் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து கொடுக்க வேண்டும். வாடகை ஆட்டோவை நம்பிச் சாப்பாடு கொடுத்த பழைய ஆள் நாலு நாள் லேட்டாகப் போனதால், சொந்த வண்டி இருந்தால்தான் ஆர்டர் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சொந்த வண்டிக்கு எங்கே போவது? வீட்டில் இருந்தது நசீரின் ஷெட்டும், அதற்குள் அடைந்துகிடந்த சாமான்களும்தான். ஷெட்டையும் மாசக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அப்போது வந்தவர் ஆசீர்வாதம் அண்ணன். சாத்தான்குளத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் ஸ்பேர்ஸ் கடை வைத்தவர், நசீருக்கு முப்பது வருஷத் தோஸ்து. புருஷன் போனதும் நான் இத்தாவில் இருந்தேன். நாலு மாசம் பத்து நாள் வாசல்படி தாண்டக் கூடாது, வெளி ஆம்பளையைப் பார்க்கக் கூடாது. அத்தனை நாளும் ஷெட் சாவி அவரிடம்தான் இருந்தது. இத்தா முடிந்த மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு போல்ட்டுகூடக் குறையவில்லை. அவருக்காகத் தினமும் தொழுகையில் துஆ கேட்டேன். கேட்ட துஆவைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று யாரையாவது விசாரிக்க வேண்டும்.

"பாயம்மா, எங்க கடை ஓம்னி சும்மாதான் நிக்கி. மாத்துல பாய் சாமானைப் போட்டு அதை எடுத்துக்கோங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாத்துக்கு முந்தின வாரம் அவரோடு ஷெட்டுக்குப் போனோம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக உள்ளே கால் வைத்தேன். பலகை பலகையாக டைனமோ, கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி, விளக்கு. எல்லாம் துடைத்து அடுக்கியிருந்தது. வீட்டில் ஒரு டம்ளரை எடுத்த இடத்தில் வைக்காத மனுஷன். மூலையில் நாலு பழைய டயருக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. அதன் மேல் மஞ்சள் பெயின்டில் பெரிசாக, கண்டம். நசீர் கையெழுத்துதான், 'ட'வின் வால் தரைக்கு இழுத்துக்கொண்டு போகும்.

"அதைத் தொடாதீங்க, பூரான் கெடக்கும்" என்றார் ஆசீர்வாதம் அண்ணன். "பாயே கண்டம்னு எழுதிட்டாரு, பொறவு அதுல என்ன இருக்கும்?"

பெட்டியில் பூட்டு தொங்கியது. கண்டத்துக்கு எதற்குப் பூட்டு என்று கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. என் பெயரை எழுதி மூலையில் போட்டிருப்பது போல இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் குட்டியானையில் சாமான் ஏற்றி ராயபுரம் போய்ச் சேர்ந்தோம். பெட்டியையும் ஏற்றினார் அண்ணன், ஷெட்டைக் காலி செய்ய வேண்டுமே என்றார். வெளியே கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு நின்றன. உள்ளே பணக்காரப் பிள்ளைகள் மென்மையான துணியால் காரைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துணியில் ஒன்று கிடைத்தால் என் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கலாம். புர்கா போட்ட பொம்பளை அங்கே நான் ஒருத்திதான். எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆசீர்வாதம் அண்ணன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "பாயம்மா, ஓம்னி ஓடுற வண்டி. இது ஓடாத சாமான். கணக்கு இடிக்குதே" என்றார்.

எண்பது பேர் சாப்பாட்டுக்கு அரிசி வாங்கியாகிவிட்டது.

"இன்னா அண்ணே, நீங்களே இப்டி சொன்னா எப்டி? உங்களை நம்பித்தான் வந்துகினு கீறேன்."

கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். வானத்தைப் பார்த்தார். "சரி, பாய் முகத்துக்காக. கொசுறா அந்தக் கண்டம் பெட்டியையும் போட்டுடுங்க. இரும்புக்காவது ஆவும்."

கொசுறு. கொத்தமல்லிக்கட்டு மாதிரி. "எடுத்துக்கோங்க அண்ணே, தொல்லை விட்டுது" என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன், அதுதான் இன்னமும் நெஞ்சில் குத்துகிறது. இரண்டு பேரும் போய் ஹாரனை அமுக்கினோம். அவர் கை மேல், என் கை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கீழே. பாம் என்றது. சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது, "யாரு ஓட்டுவா, பாப்பாவா?" என்று கேட்டார்.

"இத்துவா? இத்து ஒண்ணுத்துக்கும் ஆவாது அண்ணே. ஏதோ லைசென்ஸ் வாங்கி வெச்சிகினு கீது. எல்லாத்தையும் நான்தான் பாக்கணும்" என்றேன்.

ஆஃபியா தலையைக் குனிந்துகொண்டாள். ஆர்டர் பிடித்தவள் அவள். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். அத்தா படுக்கையில் இருந்த ஏழு மாசமும் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் அலைந்து டிகிரியை முடித்தவளும் அவள்தான். ஆனால் பெண் பிள்ளையை நாலு பேர் முன்னால் புகழ்ந்தால் கண் பட்டுவிடும். என் அம்மா என்னை அப்படித்தான் வளர்த்தாள், நானும் அப்படியே வளர்த்தேன்.

மத்தியானம் நசீரின் தோஸ்துகளுக்குக் கொண்டுவந்திருந்த பிரியாணியை எடுத்துக்கொண்டு நான் ஒவ்வொரு தார்ப்பாயாகப் போனேன். ஆசீர்வாதம் அண்ணன் மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். போன் கேமராவை நீட்டிக்கொண்டு முண்டியடித்தார்கள். எட்டிப் பார்த்தேன். பித்தளையில் இரண்டு பெரிய விளக்குகள், ஒவ்வொன்றும் சோற்றுக் குண்டான் அளவு. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அந்தக் காலத்தில் கரென்ட் இல்லாமல் கேஸில் எரிந்த கார் விளக்காம். நூறு வருஷத்துக்கு மேலாகிறதாம். ஜோடியாக இப்படி எங்கேயும் பார்த்ததில்லை என்று தொப்பி போட்ட ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் விளக்கைப் பார்க்கவில்லை. விளக்குக்கு அடியில் விரித்திருந்த துணியைப் பார்த்தேன். பச்சை வாயில் புடவை, ஓரத்தில் சின்னதாக மாங்காய். ஆஃபியா பிறந்த வருஷம் நான் எடுத்தது. பத்து வருஷமாக அதைக் காணவில்லை. மொட்டை மாடியிலிருந்து பறந்து போயிருக்கும், ஒரு துணியைப் பத்திரமாக வைக்கத் துப்பில்லை என்று நசீர் என்னைத் திட்டியிருக்கிறார்.

பக்கத்தில் ரஷீது மாமு நின்றிருந்தார். பேசின் பிரிட்ஜில் லேத் பட்டறை வைத்திருப்பவர், நசீரின் இன்னொரு தோஸ்து. பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "நசீரு கண்டம் பொட்டிய ஒரு வழியா தொறந்தீங்களா? நல்லதும்மா" என்றார்.

"கண்டம் பொட்டியா?"

"ஆமாம்மா. ஒருதபா ஷெட்டுல திருடு போச்சில்ல, அதுலேர்ந்து நசீரு நல்ல சாமானு மேலதான் கண்டம்னு எழுதுவான். எவனும் தொட மாட்டான்ல? நானு, ஆசீர்வாதம், இன்னும் ரெண்டு பேரு, எங்க நாலு பேருக்குத்தான் தெரியும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "உனக்குத் தெரியும்னு நெனச்சிகினு கீறேன்மா. பொண்டாட்டிகிட்ட சொல்லாமையா பூடுவான்?" என்றார்.

சொல்லாமல்தான் போனார். ஏழு மாசம் படுக்கையில் கிடந்தார். கஞ்சி ஊற்றினேன், மூத்திரம் எடுத்தேன், ராத்திரியெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். எதிர் வீட்டுக்காரன் எங்கள் வாசலில் பைக் நிறுத்துகிறானா என்று கேட்டார். இதைச் சொல்ல வாய் வரவில்லை. திருடனுக்குத் தெரியக் கூடாது என்று வைத்த ரகசியம், திருடினவனுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

அதற்குள் மறுபடியும் ஹாரன் அடித்தது. தொப்பிக்காரர் கோயம்புத்தூராம். அந்த இரண்டு விளக்குக்காக ஒரு முழுக் காரையே கொடுத்துவிட்டார். நீலக் கலர், ஓடுகிற கார். ஆசீர்வாதம் அண்ணன் அதன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பியபோது நான் எதிரில் நின்றேன்.

"அண்ணே, இது எங்க பொட்டியா?"

அவர் தடுமாறவே இல்லை. "பாயம்மா, நீங்களா குடுத்தது. ஹாரன் அடிச்சாச்சு. நாலு பேரு பாத்திருக்காங்க."

"உள்ள இன்னா கீதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். பொய் சொல்ல மாட்டேன், இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆனா யோசிச்சுப் பாருங்க. நாலு மாசம் சாவி என் கையில இருந்துச்சு. திருடணும்னா எடுத்திருக்க மாட்டேனா? கை வைக்கலையே. அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படக் கூடாதுன்னுதான் நீங்களா குடுக்கிற வரைக்கும் காத்திருந்தேன்."

இப்படி ஒரு நியாயத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை. ரஷீது மாமுவைப் பார்த்தேன். அவர் பிரியாணிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னா ஒண்ணு செய்யலாம்" என்றார் ஆசீர்வாதம் அண்ணன். "ஓம்னிய விட்டுட்டு உங்க மத்த சாமானை எடுத்துக்கோங்க. பெட்டி மட்டும் கை மாறிடுச்சு, அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது."

திங்கட்கிழமை எண்பது சாப்பாடு என்று அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். ஆஃபியா என் கையைப் பிடித்து, "வாம்மா, போலாம்" என்றாள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் புர்காக்காரி சண்டை போடுகிறாள் என்று அதையும் போனில் எடுப்பார்கள். சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன்.

அவருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது. குரலை இறக்கிக்கொண்டு, "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க பாயம்மா" என்றார். "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பாய் உங்களை என்னன்னு கூப்பிடுவாரு? கண்டம்னுதானே? அவரு நல்ல பொருளு மேல மட்டுந்தான் அந்த வார்த்தைய எழுதுவாரு. உங்க மேல அவ்வளவு உசிரு. எங்ககிட்டச் சொல்லியும் இருக்காரு."

பொய்யாக இருக்கலாம், விளக்குக்குப் பதிலாக எனக்கு ஒரு மிட்டாய். நிஜமாகவும் இருக்கலாம், என் புடவையில்தானே அதைச் சுற்றி வைத்திருந்தார். எது என்று இனிமேல் யாரிடம் போய்க் கேட்பேன்? இருபத்தெட்டு வருஷம் டீத் தட்டோடு நின்றது ஞாபகம் வந்தது.

"அண்ணே" என்றேன், "கண்டம்னு எழுதினது நல்ல சாமானுன்னு உங்க நாலு பேருக்குத் தெரியும். சாமானுக்கு யாரு சொன்னா?"

அவர் நீலக் காரின் சாவியைப் பாக்கெட்டுக்குள் இன்னும் உள்ளே தள்ளினார்.

"கண்டம்னு எழுதி மூலைல போட்டா அது மூலைலதான் கெடக்கும். அப்பால ஒரு நாளு கொசுறுல பூடும்."

விளக்கைக் கோயம்புத்தூர்க்காரர் ஆட்கள் வெல்வெட் பெட்டியில் வைத்துவிட்டிருந்தார்கள். மேஜையில் புடவை மட்டும் கிடந்தது. "இத்துக்கு ஹாரன் அடிக்கலையே" என்று சொல்லி அதை உருவிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

ஓம்னியை ஆஃபியாதான் ஓட்டினாள். கேட்டுக்கு வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி. நடுவில் ஒரு மீன்பாடி வண்டி, எதிரில் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ். அவள் பதறவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள், கியரை மாற்றினாள், இடது பக்கம் ஒரு முழம் இடைவெளியில் நுழைந்து காசிமேட்டுச் சாலையைப் பிடித்தாள். வண்டியில் எங்கும் ஒரு உரசல் இல்லை. நசீர் உயிரோடிருந்தால் அவரே ஒரு நிமிஷம் வாயடைத்துப்போயிருப்பார். அப்புறம், எங்க வூட்டு ரெண்டாவது கண்டம் வண்டி ஓட்டுதுப்பா என்று தோஸ்துகளிடம் சொல்லியிருப்பார்.

மடியில் புடவை இருந்தது. பித்தளை பாலீஷ் நாற்றம் அடித்தது. காலையில் இவளைப் பற்றி நான் சொன்னது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. இத்து ஒண்ணுத்துக்கும் ஆவாது. யாருக்கு முன்னால் யாருக்குப் பயந்து சொன்னேன்? யார் கண் பட்டது?

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நாக்கு எழவில்லை. கல்மண்டபம் தாண்டியது, சொல்லவில்லை. தண்டையார்பேட்டை சிக்னலில் நின்றோம், சொல்லவில்லை. மூன்று வார்த்தைதான். இதற்கு முன்னால் அந்த மூன்று வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் யாரும் சொன்னதில்லை. எந்தக் குரலில் சொல்வது என்றே தெரியவில்லை. பச்சை விளக்கு விழுந்தது. பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

"நல்லாத்தான்டி வண்டி ஓட்டறே" என்றேன்.

ஆஃபியா திடுக்கிட்டுப் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது.

"இப்ப எதுக்கும்மா திட்டறே?" என்றாள்.